அவசரகால ஒழுங்குவிதி

நாடாளுமன்றத்தில் சட்டமூலம் கொண்டுவராமல் இலங்கைச் சனாதிபதி ஆக்கும் தற்காலிகச் சட்டமே அவசரகால ஒழுங்குவிதி. 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதற்கு அடிப்படை. 'விதி' என்ற பெயர் அடக்கமானது, வலிமையோ பெரிது. அரசியலமைப்பைத் தவிர எந்தச் சட்டத்தையும் அது மேவும், திருத்தும், நிறுத்திவைக்கும். அவசரகாலப் பிரகடனத்தின் ஆயுள் ஒரு மாதம். மாதந்தோறும் புதுப்பித்தே ஆண்டுகள் பல ஓடின. ஈச்சிலம்பற்றுக்கு வடக்கே மூதூர் கிழக்கு–சம்பூர் உயர் பாதுகாப்பு வலயம் 2007 மே மாதம் இத்தகைய விதியால்தான் பிறந்தது. 2006 போரில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் ஊர் திரும்ப முடியவில்லை. 2011 ஆகஸ்டில் அவசரகாலநிலை காலாவதியானது.

இந்தியாவில் இதற்கு நெருங்கியது 'அவசரச் சட்டம்', அதாவது ஓர்டினன்ஸ். ஜல்லிக்கட்டுக்காக 2017 ஜனவரியில் தமிழக ஆளுநர் பிறப்பித்தது அவ்வகை. சட்டமன்றம் மீண்டும் கூடிய ஆறு வாரத்தில் அது காலாவதியாகும். இலங்கையில் அதே ஆங்கிலச் சொல்லுக்கு வழங்கும் 'கட்டளைச் சட்டம்' வேறு: பிரித்தானியர் காலச் சட்டசபைகள் இயற்றிய நிரந்தரச் சட்டம் அது. ஓர்டினன்ஸின் இலத்தீன் வேரான 'ஓர்டோ'வுக்குப் பொருள் ஒழுங்கு.