நிரலாளரின் பணிமேசை: ஒரு வரலாற்றுக் குறிப்பு

தொண்டைமானாறு என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது செல்வச்சந்நிதி முருகன் ஆலயமும் அங்கு நாள்தோறும் நடைபெறும் அன்னதானமுமே. வரலாற்றில் நாட்டமுடையோர், கரணவாய்ப் பகுதியில் விளைந்த உப்பை ஏற்றிச் செல்வதற்காகக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த கால்வாயே இந்த ஆறு என்ற மரபுக்கதையையும் சொல்வர். வடபகுதி மாணவர்களுக்கோ இப்பெயர் வேறொன்றை நினைவூட்டும். அது தொண்டைமானாறு வெளிக்கள நிலையம். அந்நிலையத்தின் தவணைப் பரீட்சை வினாத்தாள்களில் பயிற்சி பெற்று உயர்தரப் பரீட்சைக்குச் சென்ற தலைமுறைகள் பல.

அவ்வினாத்தாள்களில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலும் உண்டு. அப்பாடத்திட்டத்தில் மாணவர் அறியவேண்டிய விடயங்களுள் ஒன்று 'ஒருங்கிணைந்த விருத்திச் சூழல்'. தமிழ்நாட்டில் 'உருவாக்கச் சூழல்' என்பார்கள். கலைப்பீடத்தில் படித்து, அச்சு மையின் நடுவே வாழ்நாளைக் கழித்த எனக்கு, இந்தச் சொற்றொடரின் பின்னால் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது என்பது பின்னரே தெரியவந்தது.

பத்திரிகை உவமையிலேயே சொல்கிறேன். அந்நாளில் செய்தி எழுதுபவர் ஓர் அறையில் இருப்பார். அச்சுக்கோப்பவர் இன்னோர் அறையில். மெய்ப்புப் பார்ப்பவர் வேறொரு மூலையில். ஒரு பிழை திருந்துவதற்குத் தாள் மூன்று இடங்களுக்கும் போய்வர வேண்டும். கணினி நிரல் எழுதுவோரின் நிலையும் அதுவாகவே இருந்தது. நிரலைத் தாளில் எழுதி, துளையிட்ட அட்டைகளாக்கி, கணினி அறையில் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டும். எழுதுதல், இயந்திர மொழிக்கு மாற்றுதல், வழு நீக்குதல் ஆகிய மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்ததே விருத்திச் சூழலின் சாதனை.

அதற்கான முதற்படி, 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் கெமனியும் தோமஸ் குர்ட்ஸும் உருவாக்கிய பேசிக் மொழி. மாணவர் ஒரு முனையத்தின் முன் அமர்ந்து, எழுதிய நிரலை அங்கேயே இயக்கிப் பார்க்க முடிந்தது. 1975இல் ஜேர்மனியின் சொப்ட்லாப் நிறுவனம் நிரலாளருக்கென்றே மேஸ்ட்ரோ என்ற தனி இயந்திரத்தை வெளியிட்டது. ஆனால் அது பெரிய நிறுவனங்களுக்கே கட்டுப்படியாகக்கூடியது.

எளியவர் கைக்கு எட்டியது 1983இல். போர்லண்ட் நிறுவனம் வெளியிட்ட டேர்போ பாஸ்கலின் விலை 49.95 டொலர். போட்டித் தொகுப்பிகள் நூற்றுக்கணக்கான டொலர்களுக்கு விற்ற காலம் அது. 40 கிலோபைற்றுக்கும் குறைவான இடத்தில், எழுதும் இடமும் தொகுப்பியும் ஒன்றாய் அடங்கியிருந்தன. பிழை நேர்ந்தால் அது நேர்ந்த வரியிலேயே சுட்டி போய் நின்றது. அதன் தொகுப்பியை எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த அண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பேர்க். இவரே பிற்காலத்தில் மைக்ரோசொப்ட்டில் சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் ஆகிய மொழிகளின் உருவாக்கத்தை முன்னின்று நடத்தினார். 2015இல் வெளிவந்து இன்று உலகெங்கும் பயன்படும் விஷுவல் ஸ்ரூடியோ கோட் அந்த டைப்ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டது.

இதற்கிடையில் நம் ஊரில் என்ன நடந்தது? 1991இல் விஷுவல் பேசிக், 1995இல் டெல்பை என்று உலகம் முன்னேறிய ஆண்டுகள், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே இல்லாத ஆண்டுகள். 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் மின்வழங்கல் அற்றுப்போனது. மின்கலத்துக்கும் எரிபொருளுக்கும் தடை. ஜாம் போத்தலில் எண்ணெய் விட்டுத் திரியேற்றிப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். பத்திரிகைத் தாள் கிடைக்காமல், கொப்பிக்குரிய கோடு போட்ட தாளிலும் பத்திரிகைகள் அச்சாகின. உலகம் திரையில் நிரல் எழுதக் கற்ற அந்தப் பத்தாண்டு நம் பிள்ளைகளுக்குக் கிட்டவில்லை. போர்க்கால இழப்புகளைக் கணக்கிடுவோர் இந்த இழப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் பாடசாலைகளுக்குக் கணினிக் கல்வி வந்தது. சாதாரண தரத்துக்குப் பாஸ்கல், உயர்தரத்துக்குப் பைத்தன் என்று பாடநூல்கள் அமைந்தன. டேர்போ பாஸ்கலின் நீலத்திரையை அப்படியே நினைவூட்டும் பிறீ பாஸ்கல், உலகம் அதனை ஏறக்குறைய மறந்த பின்னரும் நம் வகுப்பறைகளில் வாழ்ந்தது. பைத்தனுடன் வரும் 'ஐடில்' என்ற சிறு சூழலின் முழுப்பெயரில் 'கற்றல்' என்ற சொல்லும் இருப்பது மனதுக்கு இதமான செய்தி.

ஆயினும் ஒரு முரண்பாடு உறுத்துகிறது. பாடம் தமிழில், வினாத்தாள் தமிழில், விடையும் தமிழில். ஆனால் பிள்ளை நிரலை இயக்கியதும் கருவி பேசுவது ஆங்கிலத்தில். விருத்திச் சூழலின் பெரும்பயனே பிழையைச் சுட்டிக்காட்டுவதுதான். அந்தச் சுட்டிக்காட்டலே விளங்காதபோது, தான் பிழை செய்ததை மட்டும் அறிந்து, என்ன பிழையென்று அறியாமல் அந்தப் பிள்ளை விழித்து நிற்கிறது. திறமையற்றவர் என்று நாம் ஒதுக்கும் மாணவர் சிலர் உண்மையில் இந்த இடத்திலேதான் இடறியிருக்கக்கூடும்.

தமிழால் இயலாது என்பதற்கில்லை. தொடக்ககாலத் திரைகள் 80 நிரல்கள், 25 வரிகள் என்ற கட்டங்களாலானவை. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். 'இ'யும் 'ணௌ'வும் ஒரே கட்டத்துக்குள் எவ்வாறு அடங்கும்? ஆனால் இதே இக்கட்டைத் தட்டச்சுப்பொறியில் முன்னரே எதிர்கொண்டவர் யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியில் பிறந்த ஆர். முத்தையா. நகரா விசைகளைக் கொண்டு, குறைந்த விசைகளுக்குள் அவர் தமிழை அடக்கிக் காட்டினார். கணினியில் 1991இல் ஒருங்குறி தமிழுக்கு இடம் தந்தது. 2008இல் வெளிவந்த பைத்தன் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கி, 'எழுதி' என்ற எழுதுகளத்தையும் அதற்கென அமைத்தார். அம்மொழியில் 'பதிப்பி' என்றால் கணினி பதிப்பிக்கும்.

முழு மொழியையும் மாற்றவேண்டும் என்று நான் வாதிடவில்லை. உலகச் சந்தையில் ஆங்கிலம் தேவை என்பதை அறிவேன். நான் கேட்பது சிறிது. பிள்ளைகள் அடிக்கடி காணும் பிழைச் செய்திகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் பொருளும் பரிகாரமும் தமிழில் எழுதி, கணினி அறைச் சுவரில் ஒட்டுங்கள். போர்க்காலத்திலும் நம் ஆசிரியர்கள் பாடத்தை நிறுத்திவிடவில்லை. அவர்களுக்கு இது ஒரு விடுமுறைக்காலப் பணி.