சிலேட்டில் எழுதிய ஜப்பானிய எழுத்து



‘ஜப்பான்காரன் காலம்’ என்று பாட்டன் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். பசி, மரவள்ளிக்கிழங்கு, சயாம் ரயில் ஆகியவையே அந்தப் பேச்சில் முதலில் வரும். அதே காலத்தில் நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் ஜப்பானிய எழுத்தும் கற்றார்கள். அந்தக் கதையை இன்று பார்ப்போம்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி நடுவில் மலாக்கா அதன் கைக்குப் போனது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு மாறியது. 1942ஆம் ஆண்டு, ஜப்பானியக் கணக்கில் 2602 ஆயிற்று.

மூடிக் கிடந்த பள்ளிகள் மெல்லத் திறந்தபோது, ‘நிப்பொன்கோ’ என்னும் ஜப்பானிய மொழிப் பாடமும் உடன் வந்தது. காலையில் பேரரசரின் அரண்மனை இருக்கும் திசை நோக்கி வணக்கம்; பிறகு ‘கிமிகாயோ’ பாட்டு, உடற்பயிற்சி, பாடம். அதுவரை அம்மொழியை அறியாத ஆசிரியர்கள், வகுப்புகளுக்குப் போய்த் தாங்கள் கற்றதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஜப்பானில் தூரிகையும் மையும் கொண்டு அழகாக எழுதுவதை ‘ஷோதோ’ என்பார்கள். அது அவர்களுக்கு ஒரு கலை. இங்கேயோ போர்க்காலம், காகிதமே பஞ்சம். ‘கத்தகானா’ என்னும் 46 அடிப்படை எழுத்துகளே முதற்பாடம். வளைந்து சுழியும் தமிழ் எழுத்துக்குப் பழகிய கைகள், நேர்க்கோடுகளை மேலிருந்து கீழும் இடமிருந்து வலமும் வரிசை தவறாமல் இழுக்கப் பழகின.

இதில் ஒரு வியப்பு உண்டு. அவ்வெழுத்துகளின் உயிர் வரிசை அ, இ, உ, எ, ஒ. அடுத்து வருபவை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் அரிச்சுவடியின் அடிச்சுவடு இதில் தெரிகிறதல்லவா? காரணம் இதுதான்: பௌத்தத் துறவிகள் வழியாக இந்திய ஒலியியல் அறிவு சீனம் கடந்து ஜப்பானுக்குச் சென்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே எழுத்துகளை வரிசைப்படுத்தியவர்கள் அம்முறையைப் பின்பற்றினார்கள். அன்று பிள்ளைகள் அன்னியமென்று அஞ்சிய எழுத்தில், நமக்கு உறவான ஒரு முறை ஒளிந்திருந்தது.

ஆனால் வயிறு காய்ந்த பிள்ளைக்குப் படிப்பு எப்படி ஏறும்? 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டு போனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. பல்லாயிரம் தமிழர் அங்கேயே மாண்டனர். எழுதப் பழகிய பிள்ளைக்குத் தன் தகப்பனுக்கு ஒரு கடிதம் போட முகவரி இல்லை. கல்விக்கு இதைவிடப் பெரிய அவமானம் ஏது?

1945 ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பான் சரணடைந்தது. கத்தகானாவும் வகுப்பை விட்டுப் போயிற்று. மூன்றரை ஆண்டுப் பாடத்தில் மிஞ்சியது சில சொற்களே. எங்கள் சிறுவயதில், ‘இச்சி, நி, சான்’ என்று பெரியவர்கள் விரல்விட்டு எண்ணிக் காட்டியதுண்டு. அச்சத்தால் புகுத்திய கல்வி அவ்வளவுதான் நிலைக்கும்.

குற்றம் எழுத்தின் மேல் அல்ல. 1982இல் ‘கிழக்கை நோக்கும் கொள்கை’ வந்தது. 1984 முதல் நம் நாட்டின் சில உறைவிடப் பள்ளிகளில் ஜப்பானிய மொழி கற்பிக்கப்பட்டது. அன்று ஆணைக்கு அஞ்சிக் கற்ற மொழியைப் பிற்காலப் பிள்ளைகள் வேலைக்கும் மேற்படிப்புக்கும் உதவுமென்று கற்றார்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எந்த மொழியை விரும்பினாலும் கற்கட்டும். தமிழை அடித்தளமாகக் கொண்டு கற்கட்டும். அந்தக் காலத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னவற்றைப் பிள்ளைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சிலேட்டில் எழுதியது அழிந்துவிட்டது. நோட்டில் எழுதுவதாவது நிற்கட்டும்.