306 கிலோமீட்டர் தாங்காத டயர்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி செல்லும் பேருந்தின் டயர் மாதக்கணக்கில் உழைக்கிறது. தேய்ந்தாலும் புது ரப்பர் ஒட்டி ஓட்டுகிறோம். பந்தயக் காரின் டயரோ சில நூறு கிலோமீட்டருக்கே செய்யப்படுவது. மென்மையான ரப்பர் தரையை நன்கு பற்றும். ஆகவே விரைவில் தேயும்.

ஆனால் டயரின் ஆயுளைத் தேய்மானம் மட்டுமே முடிப்பதில்லை, வாசகர்களே. 2005-ல் ஃபார்முலா ஒன் விதிப்படி, தகுதிச் சுற்றுக்கும் பந்தயம் முழுவதற்கும் ஒரே தொகுதி டயர்தான். அவ்வாண்டு ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் 73 சுற்றுகள், 306 கி.மீ. புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்குள்ள தூரம்கூட இல்லை! அங்கே பதின்மூன்றாம் வளைவில் பாதை ஒருபுறம் உயர்ந்து சாய்ந்திருந்தது. அத்தகைய வளைவில் விரையும் காரைத் தரை, அதன் எடையைவிடக் கூடுதலான விசையுடன் தாங்க வேண்டும். டயரின் பக்கச்சுவர் நசுங்கி நிமிர்ந்து, நசுங்கி நிமிர்ந்து சூடேறும். இரு நாள் முன்னர் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் மிஷெலின் டயர் அங்கேதான் சிதைந்தது. கார் சுவரில் மோதியது.

பந்தயத்தன்று மிஷெலின் பூட்டிய பதினான்கு கார்களும் முன்னோட்டச் சுற்றோடு விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய ஆறு மட்டுமே ஓடின. நான்காவதாக வந்தவர் நம் கோவை நரேன் கார்த்திகேயன். ஆறில் நான்கா என்று சிரிக்காதீர்கள். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை.

2006-ல் பந்தய நடுவே டயர் மாற்ற மீண்டும் அனுமதித்தார்கள்.