கிள்ளான் பள்ளத்தாக்கில் மறுசுழற்சி நீர்

வீடுகள், கடைகள், அலுவலகங்களிலிருந்து வரும் கழிவுநீரைச் சுத்திகரித்து, பெரும்பாலும் குடிப்பதைத் தவிர்த்த பிற தேவைகளுக்கு மீண்டும் எடுத்துக்கொள்ளும் நீரே மறுசுழற்சி நீர். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் இதற்கான மூலநீர் பெரும்பாலும் இண்டா வாட்டர் நிறுவனத்தின் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து கிடைக்கிறது.

பிரிக்பீல்ட்ஸுக்குச் சற்றுத் தெற்கே, கிள்ளான் ஆற்றையொட்டிய பந்தாய் டாலாமில் பந்தாய் 2 நிலையம் நிலத்தடியில் இயங்குகிறது. மேலே பூங்காவும் விளையாட்டுத் திடல்களும் உள்ளன. நாளொன்றுக்கு 320 மில்லியன் லிட்டர் கழிவுநீரை அதனால் சுத்திகரிக்க முடியும். காற்றில்லாத தொட்டி, பிராணவாயு குறைந்த தொட்டி, காற்று ஊதப்படும் தொட்டி என நீர் அடுத்தடுத்துக் கடக்கிறது. அங்கே நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்று நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் குறைக்கின்றன. பிறகு சகதி அடியில் படிய, மேலே நிற்கும் நீர் தெளிவாக வெளியேறுகிறது.

தெளிவு வேறு, பாதுகாப்பு வேறு. 2009ஆம் ஆண்டின் கழிவுநீர் விதிமுறைகள், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்பகுதியில் ஆற்றில் விடப்படும் நீரின் உயிர்வேதி பிராணவாயுத் தேவை (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிரிகள் எடுத்துக்கொள்ளும் பிராணவாயுவின் அளவு) லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கின்றன. அவை ஆற்றைக் காக்கும் வரம்புகள். நோய்க்கிருமிக்கு அவற்றில் வரம்பில்லை. ஆகவே மனிதர் கைபடும் பயன்பாட்டுக்கு வடிகட்டலும், குளோரின் அல்லது புற ஊதாக் கதிரால் கிருமி நீக்கமும் கட்டாயம் தேவை.

அப்படிச் சுத்தமான நீரைச் சாலையோர மரங்களுக்கும் புல்தரைக்கும் பாய்ச்சலாம். கால்வாய், நடைபாதை, லாரி கழுவலாம். கட்டுமானத் தளத்தில் தூசியை அடக்கலாம். கழிப்பறைத் தொட்டிக்கும் விடலாம். பச்சையாகத் தின்னும் கீரைக்குக் கூடாது. நீர்த்துளி காற்றில் பரவும் இடங்களில், குறிப்பாகக் குளிரூட்டும் கோபுரங்களில், கிருமிக் கண்காணிப்பு தளரக்கூடாது. உண்மையான ஆபத்து பெரும்பாலும் குழாயில்தான் இருக்கிறது: குடிநீர்க் குழாயோடு தவறாக ஓர் இணைப்பு விழுந்தால் அத்தனை சுத்திகரிப்பும் வீண். அதனால்தான் பல நாடுகளில் இந்நீருக்கு ஊதாநிறக் குழாய்கள் பதிக்கிறார்கள்.

மறுசுழற்சி நீரின் அவசியத்தை 2020 செப்டம்பர் உணர்த்தியது. ரவாங் அருகே கோங் ஆறு மாசடைந்து நான்கு குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட, சுமார் 12 லட்சம் கணக்குதாரர்களுக்குக் குழாய் வறண்டது. குடிநீரை ஊற்றிக் கால்வாய் கழுவுவது எத்தனை பெரிய விரயம் என்பது அப்போது வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

அதிக அளவில் மாற்றம் வரக்கூடிய இடம் தொழிற்சாலைதான். கிள்ளான் வட்டார ஆலைகளுக்கு இந்நீரை வழங்கும் முயற்சியில் குடிநீர் விநியோக நிறுவனமான ஆயர் சிலாங்கூரும் இண்டா வாட்டரும் இறங்கியுள்ளன. வேறு நகரங்களில் இது ஏற்கெனவே நடக்கிறது. சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்கள் 2019 முதல் நாளொன்றுக்குத் தலா 45 மில்லியன் லிட்டர் திறனுடன், எதிர் சவ்வூடு பரவல் முறையில் தூய்மையாக்கிய நீரைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகின்றன. சிங்கப்பூரின் மறுசுழற்சி நீரான நியூவாட்டரோ 2003 முதல் ஆலைகளுக்குச் செல்வதோடு, சிறிதளவு நீர்த்தேக்கங்களில் கலந்து குடிநீராகவும் வருகிறது.