வெளிநாட்டு அழைப்பு அறவீடும் கிராமத்துச் சிக்னலும்

தொண்ணூறுகளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ‘கொமியூனிகேசன்’ கடை இல்லாத ஒழுங்கை அரிது. பலகைக் கூண்டு, சிவப்பு எண்கள் ஓடும் மீற்றர், பெயர் குறித்துவைக்கும் கொப்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் தங்கிய தாய்மார், ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும் மகனின் கோலுக்காக வாங்கில் மணிக்கணக்காகக் காத்திருப்பர். கிராமத் தொலைத்தொடர்பின் நிதி வரலாற்றை அந்த வாங்கிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பேன்.

காரணம், 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம். சர்வதேச அழைப்புகளின் நிமிடக் கணக்குப்படி நிறுவனங்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அறவீடு செலுத்த வேண்டும். வசதி எட்டாத பகுதிகளில் வலையமைப்பை விரித்த செலவுக்கு எதிராக அதில் மூன்றில் இரண்டைத் திரும்பக் கோரலாம். புலம்பெயர்ந்த மகன் தாயோடு பேசிய நிமிடங்களில் ஒரு பங்கு எங்கோ ஒரு மலைக்கிராமத்துக் கோபுரமாக எழுந்திருக்க வேண்டும்.

ஏற்பாடு நியாயமானது, அத்திவாரந்தான் பலவீனம். வைபரும் வட்ஸ்அப்பும் வந்தபின் பேச்சு குறையவில்லை, மீற்றரில் விழும் பேச்சுத்தான் குறைந்தது. இணையம் பரவப் பரவ, அதைப் பரப்ப வேண்டிய வருமானம் சுருங்கிற்று. இந்தியா 2002 முதல் நிறுவனங்களின் சீராக்கப்பட்ட மொத்த வருமானத்தில் 5 வீதத்தைப் பொதுச்சேவை நிதிக்கு எடுத்துவருகிறது. (அங்கும் பணம் செலவழியாமல் தேங்கியது, அது வேறு கதை.) அழைப்பின் வடிவம் மாறினாலும் வருமானத்தின் பங்கு கரையாது. நமக்கும் அதுவே தகும்.

2021இல், கொரோனாவால் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, பிபிலைப் பக்கத்துப் பொகிட்டியாவ கிராமத்தின் ஆசிரியரும் பிள்ளைகளும் மூன்று கிலோமீற்றருக்கு மேல் காட்டுவழி நடந்து, சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறிப் படித்தனர். இதற்கு அறவீட்டை மட்டும் குற்றஞ்சொல்ல முடியாது. குறுக்கே மலை நின்றால் அலைக்கு நிழல் விழும். பள்ளத்து லயங்களுக்குத் தனிக் கோபுரம் வேண்டும். சில பத்துக் குடும்பங்களின் ரீலோட் அதன் மின்கட்டணத்துக்கே காணாது. அந்தத் துண்டுவிழும் தொகையை நிரப்பவே பொதுநிதி.

இரத்தினபுரியில் தொடங்கிய ‘கமட்ட சன்னிவேதனய’ (கிராமத்துக்குத் தொடர்பாடல்) திட்டத்தில் ஆணைக்குழு கோபுரங்களுக்கு நிதியுதவி செய்தது. நல்ல மாற்றம். ஆனால் முன்னேற்றத்தை மாவட்டவாரியாக அளப்பது எனக்கு உடன்பாடில்லை. மாவட்ட வீதம் உயர்ந்தாலும் மலைக்குப் பின்னுள்ள தோட்டம் இருட்டிலேயே கிடக்கலாம். 25 மாவட்டங்களை விட்டு, ஏறத்தாழ 14,000 கிராம அலுவலர் பிரிவுகளை அளக்க வேண்டும். அதுவும் கோபுரத்தடியிலல்ல, வீட்டு வாசலில்.

முதல் வேலையாக ஆணைக்குழு ஒரு பட்டியலை வெளியிடட்டும்: ஆண்டுக்கு எவ்வளவு அறவிடப்பட்டது, எந்தக் கிராமத்துக் கோபுரத்துக்கு எவ்வளவு திரும்பக் கொடுக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இதைக் கேட்க எந்தப் பிரசைக்கும் உரிமையுண்டு. வெள்ளவத்தையிலிருந்தும் கேட்கலாம்.