கடலைத் தாங்கும் சுவர்



2013ஆம் ஆண்டு எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைச் சிங்கப்பூருக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். செந்தோசாத் தீவில் அதற்கு முந்திய ஆண்டுதான் எஸ்.இ.ஏ. மீன்காட்சியகம் திறக்கப்பட்டிருந்தது. 36 மீட்டர் அகலமும் 8.3 மீட்டர் உயரமும் கொண்ட ஒளிபுகும் சுவர். அதற்கு அப்பால் 1 கோடியே 80 இலட்சம் லிட்டர் நீர். அதன்முன் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன், "ஐயா, இது உடையாதா?" என்று கேட்டான். "உடையாது" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே பின்னர் இவ்வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

பொதுமக்களுக்கான முதல் மீன்காட்சியகம் 1853இல் இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் திறக்கப்பட்டது. அங்கிருந்தவை கண்ணாடித் தொட்டிகள். கண்ணாடியைப் பெரிதாக்கினால் எடை கூடும். உடையும் அச்சமும் கூடும். 20ஆம் நூற்றாண்டில் வந்த அக்ரிலிக் என்னும் நெகிழிதான் அந்தத் தடையை நீக்கியது. கண்ணாடியைவிட அது எடை குறைந்தது, எளிதில் நொறுங்காது, பலகைகளை ஒட்டிப் பெரிய சுவராக்கலாம்.

செலவும் உடன் வளர்ந்தது. 1984இல் கலிபோர்னியாவின் மாண்டரே வளைகுடா மீன்காட்சியகத்திற்கு டேவிட் பெக்கார்ட் குடும்பம் ஏறத்தாழ 5 கோடியே 50 இலட்சம் டாலர் வழங்கியது. 2005இல் அட்லாண்டாவின் ஜார்ஜியா மீன்காட்சியகத்திற்குப் பெர்னி மார்க்கஸ் வழங்கியதோ 25 கோடி டாலர்.

இனி அளவுகளைப் பாருங்கள். 2002இல் ஜப்பானின் ஒக்கினாவாவில் எழுந்த சுவர் 22.5 மீட்டர் அகலம், 8.2 மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் தடிமன். 2008இல் துபாயில் ஏறத்தாழ 33 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரம். 2012இல் செந்தோசா. 2014இல் சீனாவின் சூஹாய் நகரில் 39.6 மீட்டர் அகலம். உயரம் மீண்டும் 8.3 மீட்டர்!

அகலம் இவ்வளவு வளர்ந்தும் உயரம் ஏன் அங்கேயே நின்றது? நீரின் அழுத்தம் அதன் பரப்பையோ மொத்த அளவையோ பொறுத்ததன்று, ஆழத்தையே பொறுத்தது. ஒவ்வொரு மீட்டர் ஆழத்திற்கும் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ ஒரு டன் சுமை கூடுகிறது. அகலத்தை நீட்டினால் அதே தடிமனுள்ள பலகைகளை மேலும் ஒட்டலாம். ஆழத்தைக் கூட்டினாலோ சுவர் முழுவதும் தடிக்க வேண்டும். செந்தோசாச் சுவரின் உச்சிவரை நீர் நிற்பதாகக் கொண்டால், அது தாங்கும் மொத்தச் சுமை சுமார் 1,240 டன் எனக் கணக்கு வருகிறது. வீட்டுத் தொட்டிக்கும் இதே விதிதான். நீளமான தொட்டியைவிட உயரமான தொட்டிக்கே தடித்த கண்ணாடி வேண்டும்.

2022 டிசம்பர் 16 அன்று என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. "ஐயா, உடைந்துவிட்டதே!" அனுப்பியவன் அதே மாணவன், அப்போது இருபது வயது இளைஞன்.

உடைந்தது செந்தோசாச் சுவரன்று. பெர்லின் நகர விடுதி ஒன்றின் முகப்புக் கூடத்தில் நின்ற அக்குவாடோம். 2003இல் ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் யூரோ செலவில் கட்டப்பட்டு, 10 இலட்சம் லிட்டர் நீரைத் தாங்கிய உருளைத் தொட்டி அது. பொழுது விடியுமுன் வெடித்ததால் இருவர் காயத்துடன் தப்பினர். அதிலிருந்த சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை மடிந்தன. 2023இல் வெளியான ஆய்வறிக்கை, ஒட்டுப்பகுதியின் குறை உள்ளிட்ட மூன்று வாய்ப்புகளைக் குறிப்பிட்டதே தவிர, இதுதான் காரணம் என்று அறுதியிடவில்லை.

அவனுக்கு இவ்வாறு மறுமொழி எழுதினேன்: "தம்பி, அன்று நான் சொன்னது விடையன்று. உடையாமல் இருக்க என்ன செய்திருக்கிறார்கள் என்று உன்னோடு சேர்ந்து கேட்டிருக்க வேண்டும்."

இப்போது என் வகுப்பில், நீர் நிறைந்த ஞெகிழிப் புட்டியில் மேலும் கீழுமாக மூன்று துளைகள் இடுகிறோம். கீழ்த்துளையின் நீரே வேகமாகப் பீறிடுகிறது. "ஏன், ஐயா?" என்று கேட்கிறார்கள். நான் உடனே விடை சொல்வதில்லை.