ஸ்பெஷல் தவில்: எங்கட 'ஜாம்' இரவுகளுக்கும் ஒரு வரலாறு இருக்கு

கிற்றார், டிரம்ஸ், கீபோர்ட் எல்லாத்தையும் ஒரு இடத்தில் கொண்டுவந்து வைத்து, என்ன வாசிக்கப்போகிறோம் என்று முதலே முடிவு செய்யாமல் இரவிரவாக வாசிக்கிறதை இப்ப நாங்கள் 'ஜாம்' என்கிறோம். ஒராள் தொடங்குவார், மற்றாள் பிடிப்பார். வெளியூர்க் கலைஞர் ஒருவர் நடுவில் வந்து ஏறினால் அந்த இரவு வேறு பக்கம் போகும். சொல் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பது சரி. ஆனால் காரியம் எங்களுக்குப் புதிதில்லை. எங்கட அப்பு ஆச்சிமார் கோயில் வீதி மணலில் குந்தியிருந்து விடியவிடியக் கேட்டதும் இதைத்தான். அதுக்குப் பேர் மேளச்சமா.

யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு உபயகாரருக்குரியது. ஒரு உபயகாரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால், அடுத்த நாள்க்காரர் நாலு கூட்டம் பிடிக்கப் பார்ப்பார். சப்பறம், பூங்காவனம் மாதிரியான இரவுகளில் இந்தப் பவுசு உச்சத்துக்குப் போகும். கோயிலின்ர வழக்கமான மேளக்காரர், பக்கத்து ஊர்க்காரர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே பந்தலில் இருப்பார்கள். நாதஸ்வரக்காரரின் கூட்டத்தைச் சேராமல் தனியாக அழைக்கப்பட்டு வருகிற தவில்காரருக்கு 'ஸ்பெஷல் தவில்' என்று பெயர். இன்றைய பாஷையில் சொன்னால் 'கெஸ்ட்'. சனம் கூடுகிறது கனக்க அவருக்காகத்தான். நாதஸ்வரத்தை ரசிக்கிற ஊர்கள் எத்தனையோ இருக்கு. தவிலுக்காக நித்திரை முழிக்கிறதில் யாழ்ப்பாணத்துச் சனம் தனி ரகம்.

இரவு எப்படிப் போகும்? சுவாமி வெளியே வர மல்லாரி. பிறகு இராக ஆலாபனை, கீர்த்தனை. நேரம் ஏற ஏற இராகமும் மாறும். விடியப்போகுது என்றால் பூபாளமோ பௌளியோ வரும். நடுவில் 'தனி'. நாதஸ்வரங்கள் ஓய, தவில்கள் மட்டும் நேருக்கு நேர் கதைக்கத் தொடங்கும். முதலில் ஆளுக்கு நீண்ட ஒரு சுற்று. பிறகு 'குறைப்பு': ஒரு ஆவர்த்தனம், அதில் பாதி, அதிலும் பாதி என்று கேள்வியும் பதிலும் சுருங்கிக்கொண்டே போகும். கடைசியில் எல்லாரும் சேர்ந்து மோரா, கோர்வை வைத்து முடிப்பார்கள்.

இதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்தால் ஒரு ஆவர்த்தனத்துக்கு 32, இரண்டுக்கு 64. இதன் மேல் ஒருவர் ஐந்து ஐந்தாகச் சொல்லிக்கொண்டு போனால், பன்னிரண்டு தரம் சொல்லி முடிய 60 ஆகும். மிச்சம் நாலு. அந்த நாலை எங்கே வைக்கிறது, தொடக்கத்திலா, நடுவிலா, கடைசியிலா? எழுதிவைத்த தாள் எதுவும் முன்னால் இல்லை. முடிவு அந்த இடத்திலேயே, கை ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கப்படுகிறது. எதிரே இருப்பவர் அதைக் கேட்டு, பிடித்து, தன்ர பதிலைச் சொல்லவேணும்.

இந்த இரவுகளைப் பற்றிக் கதைக்கிற பெரியாக்கள் பெரும்பாலும் 'போட்டி' என்ற சொல்லைத்தான் பாவிப்பார்கள். அவர் இவரை மடக்கினார், இவர் அவரை விழுத்தினார் என்று கதை போகும். எங்களுக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. குறைப்பு ஓடுவதற்கு இரண்டு பேரும் ஒரே தாளத்தை மனதில் பிடித்திருக்க வேணும். ஒருவர் கணக்கைக் கலைத்தால் மற்றவருக்கும் வாசிக்க இடமில்லை. ஒரு பக்கத்தில் ஆடாமல் அசையாமல் தாளம் போட்டுக்கொண்டிருப்பவர் ஒருவர் இல்லாமல், எந்த ஸ்பெஷல் தவிலாலும் துணிந்து தூரம் போக ஏலாது. தூரம் போனவரின் பெயர் கதையில் நிற்கிறது. தாளக்காரரின் பெயர் நிற்பதில்லை.

தூரம் போனவர்களில் முதல் பெயர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933-1975). தவில் வித்துவான் விஸ்வலிங்கத்தின் மகன். எங்கட ஆக்கள் தமிழ்நாட்டிலிருந்து கலைஞர்களை அழைத்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கிருந்து அங்கே போய் முன்னணி நாதஸ்வரக்காரர்களுக்கு ஸ்பெஷல் தவில் வாசித்தவர் அவர். விருந்தாளி இரண்டு பக்கமும் போய் வந்தார் என்பதுக்கு அவரைவிட வேறு சாட்சி தேவையில்லை. அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்துக்கு 2015ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருது கிடைத்தது. நாற்பத்திரண்டு வயதுக்குள் போய்விட்ட ஒருவர் எத்தனை இரவு வாசித்திருப்பார்! அதில் எங்கட கையில் இருக்கிற ஒலிப்பதிவு மிகக் கொஞ்சம்.

போய் வருவதற்கு வழி இருந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிய, அது இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980களில் போர் அதையும் நிறுத்தியது. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே ஓரிரவில் வெளிக்கிட்டது. இணுவில், அளவெட்டி என்று மேளத்துக்குப் பெயர்போன ஊர்கள் எல்லாம் வலிகாமத்துக்குள்தான். ஒரு கலை கேட்டுப் பழகித்தான் கைமாறும் என்றால், ஊரே இல்லாத இரவுகளில் பொடியள் யாரிடம் கேட்டுப் பழகுவது?

ஆனால் போரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு, அதுக்கு முந்தின காலத்தைப் பொற்காலம் ஆக்கவும் எங்களால் ஏலாது. 'ஊரே கூடிக் கேட்டது' என்று எழுதுகிறார்கள். ஊர் என்றால் யார்? சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே போகவே போராடவேண்டியிருந்தது. வாசித்தவர்களின் நிலைமையும் இலேசானதில்லை. பரம்பரையாக மேளம் வாசித்தவர்கள் ஒரு சாதிக்காரர், கோயிலையும் உபயத்தையும் வைத்திருந்தவர்கள் வேறு சாதிக்காரர். தமிழ்நாட்டில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) கிராப்பு வைத்து, கோட்டுப் போட்டு வாசித்ததை இன்று ஸ்டைல் என்று ரசிக்கிறோம். மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்று எதிர்பார்த்த சமூகத்துக்கு அது ஒரு பதில். பந்தலில் பொன்னாடை, படலைக்கு வெளியே நிறுத்தி வைக்கிற மரியாதை: இரண்டும் ஒரே ஊரில்தான் நடந்தது. பெண்களோ அநேகமாகக் கேட்கிற பக்கத்தில் மட்டும்தான்.

இப்ப மேளத்தோட கீபோர்ட்டும் சாக்ஸபோனும் சேருது, படப்பாட்டு வாசிக்கினம், கெட்டுப்போச்சு என்று குறைசொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் நாதஸ்வரம் வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம்தான். நாதஸ்வரமும் படமும் ஒன்றாகப் போனது நேற்றுத் தொடங்கினதில்லை. கீபோர்ட் வந்ததில் எங்களுக்குப் பயம் இல்லை. எல்லாத்தையும் ஒத்திகை பார்த்து, ஐந்து நிமிசத்துக்குள் வெட்டி, வீடியோவுக்காக வாசிக்கத் தொடங்கினால் குறைப்புக்கு நேரம் எங்கே என்பதுதான் பயம். அந்த மிச்ச நாலை எங்கே வைக்கிறது என்று யோசிக்கிற இடம் போனால், சமா வெறும் சத்தமாகிவிடும்.

வழி திரும்பத் திறந்திருக்கு. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, 2023இல் நாகபட்டினம்-காங்கேசன்துறைக் கப்பல் வந்தது. விருந்தாளிகள் இனியும் வருவார்கள். எங்கட ஊர்க் கோயில் வீதிகளில் இப்பவும் விடியவிடியத் தவில் கேட்கிறது. எல்லார் கையிலும் போன் இருக்கு. அடுத்த திருவிழாவில் வீடியோ எடுத்தால், ஸ்பெஷல் தவிலின்ர பெயரோட நிறுத்தாதேங்கோ. நாதஸ்வரம் யார், எதிர்த்தவில் யார், சுருதிப்பெட்டி யார், தாளம் யார், எந்தக் கோயில், எந்தத் திகதி என்று ஆறு வரி சேர்த்துப் போடுங்கோ. வயதான மேளக்காரர் ஊரில் இருந்தால், தன்ர முதல் சமாவில் தாளம் போட்டவர் யார் என்று கேளுங்கோ. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற நாங்கள் இன்று தேடி அலைகிறது அந்த ஆறு வரிகளைத்தான்.